அறுபது கிராம்

பிங்க்தான் மச்சான், என்கிறான் நிஹ்மத்.
வெள்ளி உடம்பு, பிங்க் வயிறு, முதுகில் நீலக் கோடு,
கொழும்பில் வாங்கியது, மூவாயிரத்து இருநூறு.
நகைக் கடைக்காரன் மாதிரி
தொடாமல் காட்டுகிறான்.

நான் கறுத்த ஒன்றை எடுக்கிறேன்.
கண்கூட வரையவில்லை.
கண்டி வீதி டயர் கடையில்
சில்லுகளில் இருந்து கழற்றிய ஈயத் துண்டுகள்,
ஐந்து கிராம், பத்துக் கிராம்,
மீன் ரின்னில் உருக்கி
பலகையில் குடைந்த அச்சில் ஊற்றியது.

பெனடிற் இரண்டையும் பார்க்கவில்லை.
எஞ்சினை நிறுத்திவிட்டு
பெற்றோல் கணக்கை இன்னொரு தரம் சொல்கிறான்.

சுவாமி மலைக்குக் கிழக்கே.
கோயில் மணி கேட்கும்,
கோட்டை மான்கள் தெரியாத தூரம்.
இங்கே கடல் படிப்படியாக இறங்குவதில்லை,
திடீரென்று கையை விட்டுவிடும்.
வள்ளம் ஒரு முழம் நகர்ந்தால்
பதினைந்து பாகம் நாற்பதாகும்.

வெள்ளம் வடக்கே இழுக்கிறது.
நாற்பது கிராம் போட்டால்
நூல் சரிந்து அடுத்தவன் வள்ளத்துக்குப் போகும்.
எண்பது போட்டால்
கல்லிடுக்கில் போய்க் குந்திக்கொள்ளும்.
அறுபது.
நிறத்தில் என்ன இருக்கிறது நிஹ்மத்,
அத்தனை ஆழத்தில் உன் பிங்க் சாம்பல்,
என் கறுப்பும் சாம்பல்.
அவன் கேட்கவில்லை, வீசிவிட்டான்.

எண்ணுகிறேன்.
முப்பத்தொன்றில் தங்கூசி தளர்கிறது: அடி.
சேறானால் சத்தமில்லாமல் தளரும்,
கல்லானால் விரலில் டொக் என்று ஒன்று.
டொக்.
முழங்கை அளவு தூக்கு. விடு.
தூக்கும்போது அவை சும்மா பார்க்கும்,
விழும்போதுதான் வாய் திறக்கும்.
விழுவதை நூல் பிடித்திருக்கவும் கூடாது,
கைவிடவும் கூடாது.
நிஹ்மத்தோ மூன்று வருஷமாக
தும்பு மெத்தை தட்டுவது போலத் தட்டுகிறான்.

கடையில் என் வேலை நடுக்கத்தை எடுப்பது.
அறுபதில் ஓடினால் ஸ்டியரிங் உதறுது என்று வருவார்கள்,
கனம் குறைந்த பக்கத்தில் ஈயம் ஒட்டுவேன்,
உதறல் நிற்கும், காசு தருவார்கள்.
இங்கே தலைகீழ்.
வேண்டுமென்றே ஒரு பக்கம் தடிக்க ஊற்றியிருக்கிறேன்.
நேராக விழுந்தால் அது வெறும் கல்,
உதறி உதறி விழுந்தால்
காயம்பட்ட சாளை.
மூதூர் வான், ஆஸ்பத்திரி அம்புலன்ஸ்,
கந்தளாய்க்குப் போன கலியாணக் கார்,
எல்லாருடைய நடுக்கமும்
இப்போது என் தூண்டிலில் இறங்குகிறது.

ஏழாவது தரம்
விழவேண்டியது விழவில்லை.
அவ்வளவுதான். இழுப்பு இல்லை, உதைப்பு இல்லை.
பாதி வழியில் கடல் அதை வாங்கி வைத்துக்கொண்டது.
கொளுவினேன்.
தலையை ஒரு தரம் ஆட்டியது,
கலவாய்தான், அந்த ஆட்டம் தெரியும்,
பிறகு தன் வீட்டுக்குப் போனது
என் அறுபது கிராமையும் கொண்டு.
அறுந்த நுனி காற்றில் சுருண்டபடி வந்தது.

பெனடிற் முதல் தடவையாகத் திரும்பினான்:
"கல்லுக்குள்ள போக விட்டிட்டாய்."

அந்த நேரம் பார்த்து நிஹ்மத்துக்குப் பாரை.
இரண்டு கிலோ வரும்.
"நிறம்," என்றான், வேறொன்றும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
தேத்தண்ணி ஊற்றுவதற்காக
றொட்டை முழங்கால்களுக்கு இடையில் செருகி
பிளாஸ்க் மூடியோடு மல்லுக்கட்டிய அந்த நேரத்தில்
அவன் தட்ட மறந்திருந்தான்,
பிங்க் தன்பாட்டில்
மெதுவாக
விழுந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை கிண்ணியாவில் இருந்து ஒரு ஹையேஸ்.
முன் இடது சில்லு உதறுதாம்.
பழைய ஈயத்தைக் கழற்றினேன்: பத்துக் கிராம்.
முதலாளி ரெலிபோனில் இருந்தார்.
சேட்டுப் பையில் போட்டேன்.
இன்னும் ஐம்பது.